எந்த வாங்கில் இருப்பவர்கள்?

ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில், கல்லூரியில் படிக்கும் என் இளைய மகள் தான் வாசிக்கும் இத்தாலிய நகைச்சுவை நாவலைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டத்தரணியின் மகள் தையற்காரனின் மகனை விரும்புகிறாள். அவன் குடும்பம் தேவாலயத்தில் எந்த வரிசை வாங்கில் அமர்கிறது என்று பார்த்துவரத் தகப்பன் வேலைக்காரனை அனுப்புகிறார். கடைசி வாங்கு என்றதும் கலியாணம் நின்றுவிடுகிறது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கடவுளுக்கு முன்னாலை போயும் வாங்கு பாக்கிறானோ, விசரன்!" என்றேன்.

சோறு போட்டுக்கொண்டிருந்த மூத்த மகள் அகப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது, இன்னும் கலியாணமாகவில்லை.

"அப்பா, நீங்களும் ஊருக்குப் போன் எடுத்தனீங்கள்தானே? அவையளுக்குக் கோயிலிலை எத்தினையாம் திருவிழா எண்டு கேட்டு."

கேட்டேன்தான். ஆறு வருடத்துக்கு முன்பு. அவள் விரும்பிய பையனின் தகப்பனும் நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸ் ஹோட்டலில் ஒரே தொட்டியில் கோப்பை கழுவியவர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் என் பங்கையும் அவரே கழுவுவார். ஆனாலும், ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு சாதிக்கென்று இருக்கும் ஊர்க் கோயிலில் அவர்களுக்கு ஒரு திருவிழாவும் இல்லை என்று கேள்விப்பட்டதும், என்ன சாதி என்று விளங்கி, "சரிவராது" என்றுவிட்டேன். பிறகு வந்த சம்பந்தம் எதற்கும் அவள் சம்மதிக்கவில்லை.

"கதையிலை அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

"இன்னும் அவ்வளவுக்கு வாசிக்கேல்லை அம்மா."

வெள்ளிதோறும் முருகனிடம் மூத்தவளுக்கு வரன் கேட்டு நின்றவன் நான். இப்போது மன்னிப்பு மட்டும் கேட்கிறேன். கேட்க வேண்டியது அவளிடம். ஒவ்வொரு ஞாயிறும் அவள் எனக்குச் சோறு போடுகிறாள். நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழும்புகிறேன்.