பஞ்சியில்லை

ஒரு மனிதரின் நோய்க்குச் சோம்பல் என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே அவரைத் தினமும் குத்தினேன். பிறகு அவரைச் சபையில் நிறுத்திக் கைதட்டலும் வாங்கினேன்... அந்த மனிதர் என் கூடப்பிறந்த அண்ணை!

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது. அறிந்தவர்களுக்கு நான் இன்றைக்கும் நல்ல பழக்கங்களின் ரீச்சர்.

சண்டிலிப்பாயில் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும், மாதர் சங்கத்தில் அவர்களுடைய தாய்மாருக்கும். கொதித்தாறிய தண்ணீரைக் குடியுங்கள், விடியுமுன் எழும்புங்கள், இரவில் நேரத்தோடு படுங்கள், மனம் சோர்ந்தால் கைகால்களுக்கு வேலை கொடுங்கள்... இவற்றைச் சொல்லும்போது என் குரல் தானாகவே உயரும். சொன்னதைச் செய்து காட்டுகிறவள் என்ற பெயரும் எனக்கு உண்டு. வெயில் ஏறிய பிறகு என் முற்றத்தில் ஒரு சருகு கிடந்து யாரும் பார்த்ததில்லை. அதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது என்று எழுத வந்தேன். இருக்கிறது என்பதுதான் உண்மை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அண்ணை கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். அங்கே ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கலியாணம் செய்யாதவர். யாரோ கொடுத்த சேர்ட் ஒன்றைப் போட்டிருந்தார். அதன் கை அவருக்குக் கட்டை, மணிக்கட்டுவரை வரவில்லை. வாசலில் நின்றபடி அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்.

"எல்லாம் எரிஞ்சு போச்சுது, பிள்ளை."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? சிரிக்காதீர்கள். எனக்கென்று அவர் ஒரு தையல் மெஷின் வாங்கி வைத்திருந்தார், தீபாவளிக்குக் கொண்டு வருவதாக இருந்தது.

"என்ரை மெஷினுமோ அண்ணை?"

"ஓம் பிள்ளை. அதுவும்தான்."

'எல்லாம்' என்ற சொல்லுக்குள் சாமான்களைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவள்! பிறருக்குப் படிப்பிக்கிறவள்!

அதன்பிறகு அவர் படுத்தார். சுவரைப் பார்த்துப் படுத்தவர் மத்தியானமானாலும் எழும்பமாட்டார். தாடி வளர்ந்தது. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். நான் ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு எனக்குள் இருந்த ரீச்சர் எழும்பிவிட்டாள்.

எங்கள் ஊரில் சோம்பலைப் பஞ்சி என்போம். பாயை விட்டு எழும்ப மனமில்லையா, பஞ்சி. கடைக்குப் போக மனமில்லையா, பஞ்சி. ஒருவனுக்கு உயிரோடிருக்கவே மனமில்லாமல் போனால் அதற்கு எங்களிடம் வேறு சொல் இருந்ததா? இருந்திருக்கும். நான் தேடவில்லை. கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணை, உங்களுக்குப் பஞ்சி பிடிச்சுப் போச்சுது. இப்பிடியே கிடந்தால் உடம்பு ஊத்தையாப் போயிடும். எழும்புங்கோ!"

என் கணவர் அதிகம் கதைக்காதவர். அவர்கூடச் சொன்னார்.

"விடப்பா, மனிசன் களைச்சுப் போய் வந்திருக்கு."

"களைச்ச மனிசனுக்குத்தான் பழக்கம் வேணும்," என்று நான் அவர் வாயை அடைத்தேன்.

அண்ணைக்கு ஓர் ஒழுங்கு போட்டுக் கொடுத்தேன். விடியுமுன் எழும்ப வேண்டும். கிணற்றடியில் முகம் கழுவி, முற்றம் முழுவதையும் கூட்ட வேண்டும். பிலா இலையையும் மா இலையையும் ஒரு மூலையில் குவித்துக் கொளுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலைதானே அது? காலையில் தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை அந்தப் புகை எழும்பும். அதைவிட எளிதான, சுத்தமான வேலை வேறென்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் அவர் தீக்குச்சியைத் தட்டியதை நான் குசினி யன்னலால் பார்த்தேன். ஒன்று அணைந்து, இரண்டாவதும் அணைந்தது. பற்றிக்கொண்டதும் தோளிலிருந்த துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

"என்ன அண்ணை, புகைக்குப் பயமோ? சின்னப்பிள்ளையே நீங்கள்?"

அவர் துவாயை எடுத்துவிட்டார். அங்கேயே நின்றார். முழுவதும் எரிந்து முடியும்வரை நின்றார்.

ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. நான் கண்டேன். கண்டதைக் கேலி செய்தேன்.

இடையில் ஒன்று நடந்தது. யாரும் சொல்லாமலே அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னேரங்களில் வெளியே போகத் தொடங்கினார். கீரிமலைக்கு. அங்கே கடலை ஒட்டிக் கேணி இருக்கிறது. பக்கத்தில் உப்புக் கடல் அடித்துக்கொண்டிருக்க, கேணிக்குள் நல்ல தண்ணீர் ஊறும். இருட்டும் நேரத்துக்குத் தலை ஈரத்தோடு திரும்பி வருவார். அந்த நாட்களில் தானாகவே கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ஒருநாள் கறிக்கு உப்புக் குறைவு என்றார்! ஒருநாள் தாடியை வழித்தார். அடுத்த வீட்டு வளவு ஆட்டுக்குட்டியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்ததை என் காதால் கேட்டேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா நான்? பட்டேன், கொஞ்சம். ஆனால் அந்தப் பழக்கம் நான் கொடுத்ததல்ல. என் ஒழுங்குக்குள் அது இல்லை. மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடவேண்டிய நேரத்தில் அவர் எங்கேயோ போய்த் தண்ணீருக்குள் நிற்கிறார்... அது என்னை அரித்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தபடியால் சுகாதாரத்தைத் துணைக்கு இழுத்தேன். பின்னேரத்தில் தலை முழுகினால் சளி பிடிக்கும் என்றேன். அவர் கேட்கவில்லை.

ஒரு பின்னேரம் மாதர் சங்கப் பெண்கள் சிலர் என் வீட்டு விறாந்தையில் இருந்தார்கள். அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே, அவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"எங்கடை அண்ணைக்கு எல்லாத்துக்கும் பஞ்சி. கீரிமலையிலை போய் ஊறிக்கொண்டு நிக்க மட்டும் பஞ்சியில்லை!"

அவர்கள் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பல்ல, சும்மா பகிடிக்குச் சிரித்த சிரிப்பு. அண்ணையும் சிரிக்கப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோய் மாமரத்தில் சாத்திவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு மிளகாய்த் தோட்டத்துக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் கீரிமலைக்குப் போகவில்லை.

நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அண்ணை விடியுமுன் எழும்பினார், கூட்டினார், கொளுத்தினார், தண்ணீர் விட்டார், நேரத்துக்குப் படுத்தார். நான் சொன்ன ஒன்றும் தவறவில்லை. கதைப்பது மட்டும் குறைந்துகொண்டே போனது. காலையில் என்னைக் கண்டதும், நான் எதையும் கேட்குமுன் அவரே சொல்லுவார்: "பஞ்சியில்லை, பிள்ளை." குட் மோர்னிங் சொல்வதுபோல அதைச் சொல்லப் பழகிவிட்டார்.

அடுத்த வருடம் மாதர் சங்கத்தில் மனச்சோர்வும் நல்ல பழக்கங்களும் என்று ஒரு பேச்சுப் பேசினேன். என் பையைக் கொண்டுவந்து கொடுக்க வந்த அண்ணை கதவோரம் நின்றார். எனக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

"அண்ணை, இஞ்சை வாங்கோ. முந்தி எப்பிடி இருந்தனீங்கள், இப்ப எப்பிடி... நீங்களே சொல்லுங்கோ."

அவர் வந்து நடுவில் நின்றார். இத்தனை பெண்களுக்கு முன்னால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஓம்... இப்ப பஞ்சியில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். நீர்வேலியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். அண்ணை அதை வீடுவரை பத்திரமாகக் கொண்டுவந்து குசினியில் வைத்தார். அதிலிருந்து ஒரு பழம்கூட அவர் எடுக்கவில்லை.

வருடங்கள் போயின. போர் எங்கள் வளவுக்குள்ளும் வந்தது. தொண்ணூறில் கீரிமலைப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்தது, அந்தப் பாதை மூடுண்டது. எங்கள் வளவில் பங்கர் வெட்டினோம். ஒரு முற்பகல் ஷெல் விழத் தொடங்கியபோது வீட்டில் நானும் அண்ணையும்தான். பங்கருக்குள் முழங்கால் இடிபட உட்கார்ந்திருந்தோம். பயத்தில் எதையாவது கதைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

"அண்ணை, உந்தக் கீரிமலையிலை அவ்வளவு நேரமும் என்னதான் செய்தனீங்கள்?"

அவர் மண்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்டும் செய்யேல்லை பிள்ளை. கழுத்தளவு தண்ணிக்குள்ளை நிண்டால் எரியிற மணம் வராது."

"என்ன எரியிற மணம்?"

"அண்டைக்குக் கொழும்பிலை, நாங்கள் கந்தோர்க்காரர் இருந்த வீட்டைக் கொளுத்தேக்கை நான் மதிலுக்குப் பின்னாலை நிண்டனான். எங்களுக்குச் சமைக்கிற ஐயா உள்ளுக்கை. வயசு போன மனிசன், ஓட ஏலாது. நான் போயிருக்கலாம்... போகேல்லை. அந்த மணம் மூக்கை விட்டுப் போகுதில்லை. தண்ணிக்குள்ளை நிண்டால் மட்டும் போகும்."

ஏழு வருடம்! ஏழு வருடமாக ஒவ்வொரு விடியலிலும் அந்த மனிதரின் கையில் நான்தான் நெருப்பைக் கொடுத்திருந்தேன். உடம்புக்கும் மனதுக்கும் நல்லது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்!

அழுதேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"இனிச் சருகு கொளுத்த வேண்டாம் அண்ணை. விடுங்கோ."

"பழகிட்டுது பிள்ளை. நல்ல பழக்கம்தானே."

என்னுடைய சொல்லை எனக்கே தந்தார். கோபத்தில் தந்திருந்தால் தாங்கியிருப்பேன். நம்பிக்கொண்டு தந்தார்.

கீரிமலையை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு பின்னேரம் கிணற்றில் தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்பிவிட்டுக் கூப்பிட்டேன்: "வாங்கோ அண்ணை, ஆறுதலாக் குளியுங்கோ." அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பின்னேரத்திலை தலை முழுகினால் சளி பிடிக்கும் பிள்ளை," என்றார். நிரப்பிய தண்ணீரை நானே மிளகாய்க்கு இறைத்தேன்.

இப்போதும் மாதர் சங்கத்தில் பேசுகிறேன். அதே கொதித்தாறிய தண்ணீர், அதே விடியற்காலை. பழக்கங்களில் பிழையில்லை என்று இன்னும் நம்புகிறேன். ஆனால் எது உங்களைச் சுகப்படுத்துகிறது என்று அந்த மனிதரிடம் ஒரு தரம் கேட்டிருந்தால்...! அவராகத் தேடிக் கண்டுபிடித்த மருந்தை நான் பகிடி பண்ணிப் பறித்தேன். அதை ஒருநாளாவது அந்தப் பெண்கள் முன்னால் சொல்லிவிட வேண்டுமென்று போவேன். போனதும் என் குரல் வழக்கம்போல் உயர்ந்துவிடும்.

போன மார்கழியில் நெருப்புப்பெட்டியை ஒளித்து வைத்தேன். எப்படியும் தட்டுப்பாடான காலம், முடிந்துவிட்டது என்று சொல்லலாம் என்பது என் கணக்கு. அண்ணை குசினி அடுப்பிலிருந்து ஒரு தணலைச் சிரட்டையில் எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு தினமும் அப்படித்தான்.

ஒரு காலை கடும் பனி. போன கையோடு, அணைந்த தணல் கிடந்த சிரட்டையுடன் திரும்பி வந்தார். குசினி வாசலில் நின்றார். அவர் முகத்தில் பிழை செய்துவிட்ட பிள்ளையின் பயம்.

"தணல் நூந்து போச்சுது பிள்ளை. பஞ்சியிலை விட்டிட்டன் எண்டு நினையாதை."

அப்போது சொல்லியிருக்கலாம். அது பஞ்சியில்லை அண்ணை, எந்தக் காலத்திலும் அது பஞ்சியில்லை... இவ்வளவுதான். பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் மணிக்கணக்கில் பேசுகிற வாய் எனக்கு. அது திறக்கவில்லை.

இடுக்கியை எடுத்தேன். அடுப்பில் நன்றாகக் கனன்ற தணலாகப் பார்த்து எடுத்து, அவர் நீட்டிய சிரட்டையில் வைத்தேன்.

அவர் அதைக் கையால் மறைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. நான் யன்னலைச் சாத்தினேன்.