தனி என்று அவர் சொன்னார்

கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றை அமைச்சின் பிடியிலிருந்து எடுத்து, சுயாதீன அதிகாரசபையிடம் கொடுப்பதற்குச் சட்டவரைவு வந்திருந்தது. மலையகத் தேயிலையும் அந்த வழியாகக் கப்பலேறும் என்பதால், கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்றைக் கண்டியிலும் வைத்தார்கள். தமிழில் பேசுவோரின் பேச்சைச் சிங்களத்தில் சொல்வது என் வேலை. நான் பன்விலத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். கிடைத்த முதல் உத்தியோகம் அது; இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை.

துறைமுகத் தொழிலாளர்கள் பஸ் பிடித்து வந்து பின்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். சபை வந்தால் வேலை போய்விடும் என்ற கோபம். வந்ததிலிருந்தே கதிரைகளைத் தரையில் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேச எழுந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அதே துறைமுகத்தில் பொறியியலாளராக இருந்து, ஓய்வுபெற்றபின் பேராதனையில் குடியிருந்தார்.

"தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். உப்புப் புளி ஒண்டும் போட வேண்டாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினார். "வாற அமைச்சர் எல்லாரும் கிரேனுக்கும் தன்ர ஆள், கேற்றுக்கும் தன்ர ஆள் எண்டு போடுகினம். துறைமுகத்தை ஒரு தனிச் சபையிட்டக் குடுங்கோ."

அவர் 'தனி' என்றார். நான் 'வெனம' என்றேன். கடையில் சீனியையும் பருப்பையும் தனித்தனியாகக் கட்டச் சொல்ல நாங்கள் பழகிய சிங்களச் சொல் அது. சிங்கள வரைவில், சுயாதீனம் என்ற பொருளில், 'ஸ்வாதீன' என்றுதான் இருந்தது. காலையில் படித்தும், வாயில் கடைச்சொல்தான் வந்தது. பேசுகிறவர் தமிழர், துறைமுகம் கிழக்கில். அந்தச் சொல் அங்கே 'பிரித்துக் கொடு' என்றே காதில் விழுந்தது.

"யாருக்குடா பிரிச்சுக் கேக்குற?" என்று சிங்களத்தில் ஒருவன் கத்தினான். முதல் கதிரை பறந்து வந்து மேசைக் கண்ணாடியை உடைத்தது. பிழை என்னுடையது என்று நான் சொல்வதற்குள், இன்னொருவன் ஒலிவாங்கியைத் தண்டோடு பிடுங்கி அவர் முகத்தில் அடித்தான். தாடை முறிந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. விழுந்தவரை மிதித்தார்கள். அவர்மேல் குப்புற விழுந்த என் முதுகையும் மிதித்தார்கள். அவருடைய இரத்தம் என் சட்டையில் சூடாக ஊறியது.

மறுநாள் பொலிஸில் வாக்குமூலம். அடித்தவர்களில் சிலரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். தொழிலாளர்களோ, நாட்டைப் பிரிக்கப் பேசினார் என்று அவர்மீதே முறைப்பாடு போட்டிருந்தார்கள். அவரோ ஆஸ்பத்திரியில், தாடையைக் கம்பியால் கட்டிய நிலையில், பேச முடியாமல் கிடந்தார்.

"அவர் சொன்னதைத்தானே நீ சொன்ன?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆமாம் என்றால் என் வேலை தப்பும்.

"இல்ல சேர். 'வெனம'ங்கிறது நான் போட்ட சொல். அவரு அப்படிச் சொல்லல."

வாக்குமூலம் கொடுக்க வாங்குப் பலகையில் காத்திருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவன் எழுந்து வந்தான்.

"அப்ப உன் வாயாலதான் என் தம்பி உள்ள கிடக்கிறானா?"

காதோடு சேர்த்து அறைந்தான். அடுத்த அடியில் என் நெற்றி மேசை விளிம்பில் மோதிப் பிளந்தது. அவனை இழுத்துப் பிடிப்பதற்குள் என் விலாவில் இரண்டு உதை விழுந்தது.

தரையில் கிடந்தபடியே, "எழுதிட்டீங்களா சேர்?" என்று கேட்டேன்.

"முதல்ல எழும்பு."

"எழுதுங்க சேர். எழும்புறேன்."