யோகம்மாவின் செவ்வாய்

யோகம்மாவுக்குப் பலரைப் பிடிக்காது. பஸ்ஸில் காலை அகட்டி உட்காருகிறவர்களைப் பிடிக்காது. கோயிலில் பொங்கல் தின்ற கையைத் தூணில் துடைக்கிறவர்களைப் பிடிக்காது. ஜாதகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறுகிறவர்களைக் கண்டாலோ அடியோடு ஆகாது. இந்தக் கடைசி வெறுப்புக்கு அவளிடம் காரணம் இருந்தது.

அவள் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பம். ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து தலைமைக் கிளார்க்காக உயர்ந்தவள். இருபத்துமூன்று வயதில் தைப்பிங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. பெயர் நாகநாதன், ரயில்வேயில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, ஓய்வு நேரத்தில் என்ன படிப்பீர்கள் என்று அவளைக் கேட்டார். அதுவரை எவரும் அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. ஒரு வாரம் கழித்து அண்ணன் குலசேகரம் சோதிடரைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"எட்டுல செவ்வாய். கட்டிக்கிறவன் தங்க மாட்டானாம். ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துட்டேன்."

அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் வந்த மூன்று வரன்களும் அதே செவ்வாயில் முட்டிக்கொண்டு திரும்பின. நாகநாதன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பேரப்பிள்ளை எடுத்து, குத்துக்கல்லாட்டம் இருந்தார். யோகம்மா பர்மா சாலைப் பக்கம் அண்ணன் வீட்டு மாடியறையில் ஐம்பத்தொரு வயதைத் தொட்டாள்.

1988ஆம் ஆண்டு, பத்திரிகையின் மூலையில் ஒரு சின்னச் செய்தி. செப்டம்பர் கடைசியில் செவ்வாய் பூமிக்கு வெகு கிட்டத்தில் வருகிறது. இந்த அளவுக்குக் கிட்ட வர இன்னும் பதினைந்து வருடம் பிடிக்கும். பதினைந்து வருடம் கழித்துத் தனக்குக் கண் தெரியுமோ தெரியாதோ என்று யோகம்மா நினைத்தாள். தன் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டதை ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நூலகத்தில் புத்தகம் எடுத்து இரண்டு மாதம் படித்தாள். பிறகு கேம்பல் வீதியில் ஒரு கேமராக் கடைக்குப் போனாள். கடைக்காரச் சீனர் அவளுடைய சேலையைப் பார்த்துவிட்டு, ஒல்லியான ஒரு தொலைநோக்கியை எடுத்து வைத்தார். பெட்டியில் கொட்டை எழுத்தில் '675 மடங்கு' என்று போட்டிருந்தது. யோகம்மாவுக்கு எரிச்சல் வந்தது. எத்தனை மடங்கு பெருக்கினாலும் வெளிச்சம் போதாவிட்டால் கலங்கல்தான் தெரியும். பார்க்க வேண்டியது கண்ணாடியின் அகலத்தை. அதை மலாய் மொழியில் அவருக்குப் பாடமாகவே எடுத்துவிட்டு, நாலரை அங்குலக் குழிக்கண்ணாடி வைத்த ஜப்பான் தொலைநோக்கியைக் காட்டச் சொன்னாள். குழாயின் அடியில் கண்ணாடி, மேல்பக்கம் பக்கவாட்டில் கண் வைக்கும் இடம், கனத்த முக்காலி. கடைக்காரர் ஒல்லிக் குழாயைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

முதலில் மாடி வராந்தாவில் வைத்துப் பார்த்தாள். பகலெல்லாம் வெயில் குடித்த தகரக் கூரையின் சூட்டில் நட்சத்திரங்கள் கொதிக்கிற மாதிரித் தெரிந்தன. பின்கட்டுச் சிமெண்டுத் தரைக்கு இறக்கினாள். சந்திரனின் குழிகளைப் பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்தாலும் குறையில்லை. ஆனால் செவ்வாய்க்கென்று காத்திருந்த நாட்களில் பினாங்கு மழை பிடித்துக்கொண்டது. செப்டம்பர் போயிற்று, அக்டோபரும் பாதி போயிற்று. செவ்வாய் விலகிப் போகத் தொடங்கியிருந்தது.

சரஸ்வதி பூசை வந்தது. அன்று ஆபீசிலிருந்து திரும்பியவள், சாமி மேடையில் புத்தகங்களுக்கு நடுவே தன் தொலைநோக்கி மாலை போட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டாள். குனிந்து குழாய்க்குள் பார்த்தாள். கண்ணாடியின் நட்ட நடுவில் சந்தனப் பொட்டு. சுற்றிலும் வட்ட வட்டமாகக் கீறல்.

"தூசி படிஞ்சு கெடந்துச்சு. ஸ்க்ரூவக் கழட்டி எடுத்து, திருநீறு போட்டு நல்லாத் தேச்சிட்டேன், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி," என்றார் குலசேகரம். பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

"அது மேல்பூச்சு அண்ணே! மேலேதான் ரசம் பூசியிருக்கும். வெரல்கூட வைக்கக் கூடாது!"

"என்னம்மா பேசுற? திருநீறு பட்டா கெட்டுப் போகுமா?"

யோகம்மாவுக்கு வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. அவருடைய திருப்தியான முகமும், நகத்தில் ஒட்டியிருந்த திருநீறும், கேட்காமலே பிறர் சாமானைக் கழற்றும் அந்தக் கையும் அருவருப்பாக இருந்தன. அன்று அவள் சுண்டலைத் தொடவில்லை. அண்ணி பத்மாவதி மூடிவைத்த தட்டு காலைவரை அப்படியே கிடந்தது.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. கீறல் விழுந்த கண்ணாடியிலும் பிம்பம் விழும், தெளிவுதான் குறையும் என்று புத்தகம் சொன்னது. அடித் திருகாணிகளைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடியை நேராக்கினாள். நடுவை அடையாளம் காண அண்ணன் வைத்த பொட்டுத்தான் உதவியது. அது உதவியதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

எட்டாம் நாள் மாலை மழை விட்டு வானம் வெளிவாங்கியது. கிழக்கே அண்டை வீட்டு ரம்புத்தான் மரத்துக்கு மேல் சிவப்பாக நின்றது அது. யோகம்மா முக்காலியைப் பொருத்தி, நூறு மடங்கு காட்டும் கண்வில்லையைப் போட்டுக் குனிந்தாள்.

பட்டாணி அளவுக்கு ஒரு ஆரஞ்சு வட்டம். சுற்றிலும் கீறல்களால் ஒரு புகைச்சல். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. மெல்ல நடுங்கியபடி, யாரையும் கவனிக்காமல், தன் வழியில் நகர்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இதற்குத் தைப்பிங்கும் தெரியாது, எட்டாம் வீடும் தெரியாது. ஆளை அடிக்கிற முகமே அதற்கு இல்லை. இருபத்தெட்டு வருடம் இதன் மேல் பழியைப் போட்டுவிட்டு, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியவர்களை நினைத்தபோது அவளுக்கு வாய் கசந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். குலசேகரம்.

"தெரியுதா? நான் பாக்கலாமா?"

அவள் விலகி நின்றாள். அவர் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் செவ்வாயா?"

"இதேதான்."

"இவ்வளவுதானா?" என்றார்.

குலசேகரம் நிமிர்ந்தார். சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். இரண்டு கையையும் குவித்து, கண்ணை மூடி, தொலைநோக்கிக்கு முன்னால் பயபக்தியோடு நின்றார்.

"கும்பிடணும்னா என் பக்கம் திரும்பிக் கும்பிடுங்க, அண்ணே," என்றாள் யோகம்மா.

குலசேகரம் கண்ணைத் திறந்தார். ஆனால் திரும்பவில்லை. எட்டு மணி நியூஸ் போட்டிருப்பான் என்று முணுமுணுத்தபடி, குவித்த கையைப் பிரிக்கவும் மறந்து, வெறுங்காலோடு உள்ளே போனார்.