எறும்புக் கடி

அந்த வார்டில் அவளுக்கு 'ஒரே குத்து' என்று பேர். இருபத்திரண்டு வருஷமாக டிரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடுகிற கை. மற்ற நர்ஸுகள் நாலு இடத்தில் துளைத்துவிட்டுக் கையைப் பிசையும்போது "அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கெடுத்து வைத்ததையெல்லாம் இவள் தலையில் கட்டுகிற வழி அது.

அவளிடம் மந்திரம் எதுவும் இல்லை. கையைத் தொங்கப் போடச் சொல்வாள். வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றிப் பத்து நிமிஷம் விடுவாள். ஊர்க்கதை நாலு பேசுவதற்குள் ஆளும் தளர்ந்துவிடுவார், நரம்பும் எழும்பிவிடும். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று மட்டும் சொல்லவே மாட்டாள். ஊசி பிடிக்கிற எல்லோரும் சொல்கிற அந்த வசனத்தைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த எறும்பு ஓர் அங்குலம் உள்ளே போய்க் கடிக்கிறது?

போன மாதம் வந்த புது ஹெட் நர்ஸ் சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். கரண்ட் அதிகம் இழுக்கிறதென்று வெந்நீர்க் கெட்டிலையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இவள் மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்று தடவையும் "பாக்கலாம்" என்று பதில். அந்தப் 'பாக்கலாம்' எப்படிப்பட்டது என்று வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

இந்த லட்சணத்தில்தான் தையல்காரம்மா ஒருத்தி ஐந்தாவது கீமோவுக்கு வந்தாள். முதல் மூன்று தடவையும் இவள்தான் ஊசி போட்டாள். நாலாவதன்று இவள் லீவு. மற்றவர்கள் ஐந்து இடத்தில் குத்தி, இரண்டு கையும் கறுத்துப் போயிருந்தது.

"இன்னைக்கு ஒரு குத்துதான் சிஸ்டர். தவறுச்சுன்னா எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன். மருந்தும் வேணாம், மண்ணும் வேணாம்."

விளையாட்டுப் பேச்சில்லை. கூட வந்த மகளின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இவள் கேன்டீனுக்கு ஓடி, ஒரு குவளை வெந்நீர் கேட்டு வாங்கி வந்து துண்டைச் சுற்றினாள். நாலு நிமிஷம் ஆகியிருக்காது. வாசலில் ஹெட் நர்ஸ்.

"இன்னுமா முடியல? வெளிய ஏழு பேர் நிக்கிறாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க மேடம். நரம்பு என்ன, நீங்க ஒட்டின தாளைப் படிச்சிட்டா வரும்?"

ஹெட் நர்ஸ் நகரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். இவளுக்கு உச்சந்தலை வரை கோபம். நரம்பு இன்னும் சரியாக எழும்பவில்லை என்று தெரிந்தே ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியை எடுத்தாள். தையல்காரம்மா ஊசியையே பார்த்தாள். சமாதானம் சொல்ல இவள் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்..."

இத்தனை வருஷம் கட்டிக் காத்த வாய் ஒரு நொடியில் கவிழ்த்துவிட்டது.

"நீங்களுமா சிஸ்டர்?" முனை தோலில் இறங்குகிற நேரம் பார்த்துக் கை வெடுக்கென்று இழுபட்டது. ஊசி நரம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போனது. தோலுக்கடியில் நீலமாக வீங்கியது. தையல்காரம்மா பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, உக்காரும்மா!" என்று மகள் கெஞ்சினாள்.

"குத்தினதுக்கு இல்லடி. பொழுதன்னிக்கும் ஊசியில குத்திக்கிறவதான் நானும். இவங்க ஒருத்தராவது மழுப்ப மாட்டாங்கன்னு நம்பி வந்தேன்."

போய்விட்டாள்.

"நோயாளி ஒத்துழைக்கலைன்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றாள் ஹெட் நர்ஸ்.

இவள் பதிவேட்டை இழுத்து, 'நரம்பு எழும்பும் முன் குத்தினேன். நோயாளியிடம் பொய் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இது மேல போனா உங்களுக்குத்தான் வம்பு."

"போகட்டும் மேடம்."

ஹெட் நர்ஸ் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. மீதி ஏழு பேரையும் முடித்தாள். பிறகு கேஸ் தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை தையல்காரம்மாவே எடுத்தாள்.

"நாளைக்கு வாங்கம்மா. ஒரு மணி நேரமானாலும் நரம்பு வர்ற வரைக்கும் ஊசியத் தொட மாட்டேன். யார் வந்து நின்னாலும் சரி."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி.

"வலிக்குமா?"

"வலிக்கும்மா. கை வேற வீங்கியிருக்கு. நல்லாவே வலிக்கும்."

"எத்தனை மணிக்கு வரட்டும்?"