மேட்டுக்காட்டு மாப்பிள்ளை

சிங்கப்பூரில் வீட்டுத் தரகர் "வீடு புக்கிட்டில் இருக்கிறது" என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்துகிறார். கூடவே வாடகையும் உயர்ந்துவிடுகிறது. மலாய்க்காரர்கள் மேட்டையும் குன்றையும் புக்கிட் என்பார்கள். மேட்டில் குடியிருப்பது இங்கே பெருமை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மக்களே, நம்மிடம் மேடு என்று பெயர் வாங்கியவை எவை? குப்பைமேடு, சுடுகாட்டுமேடு, அப்புறம் என் அப்பாவின் நிலம். பணக்காரர்களை மேட்டுக்குடி என்று பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது.

எங்கள் மேட்டுக்காடு இடுப்பளவு உயரம்கூட இராது. ஆனாலும் கண்மாய்த் தண்ணீர் அதில் ஏறியதே கிடையாது. பள்ளத்து வயல்களில் நெல் நிற்கும்போது நாங்கள் வானத்தைப் பார்த்துக் குதிரைவாலி விதைத்திருப்போம். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது பாலவனத்தம் பக்கம் பெண் கேட்டுப் போனோம். பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள தங்கமானவுகதான். நெலந்தான் மேடு. எம்மக தண்ணிக்கு நடந்தே தேஞ்சு போயிருவாளே."

"சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன் மாமா. அங்கன பள்ளத்துலதான் குடிவைப்பேன்" என்றேன். அந்த வாக்கை நம்பித்தான் பஞ்சவர்ணத்தைக் கொடுத்தார்.

அவள் கப்பலேறும் முன் வீடு பார்த்தேன். சீனக் கிழவர் ஒருவர் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக இரண்டு வீடுகள் காட்டினார். பள்ளத்து வீட்டின் முன் நின்று, "பஞ்சிர், பஞ்சிர்" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினார். பஞ்சிர் என்றால் வெள்ளம் என்று எனக்குத் தெரியும். வீட்டு வாசலுக்கே தண்ணீர் வரும் என்றால் நம் ஊர்க்காரன் பயப்படுவானா? அவர் செய்த எச்சரிக்கையை நான் வீட்டின் சிறப்பாக எடுத்துக்கொண்டு, "பாகுஸ்!" என்று கைகுலுக்கினேன். நல்லது என்கிறானே என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே வந்தது. அரிசி டின் மிதந்தது. பஞ்சவர்ணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றாள். ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"மக தண்ணிக்கு நடக்க வேணாம்னு எங்கய்யா நெனச்சாக. தண்ணி நம்மளத் தேடி நடந்து வருமின்னு நீங்க சொல்லலையே!" என்று சிரித்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல பாதி நம்ம மேட்டுக்காட்டுக்குப் போனாப் போதுமே."

அதுவரை அவள் வாயில் அது "உங்க மேடு"தான்.

இப்போது புக்கிட்டில் இருக்கிறோம். மாமனாருக்கு இன்னும் சொல்லவில்லை. மழை பெய்தால் தண்ணீர் எங்கள் வாசலிலிருந்து சரிந்து கடலைப் பார்க்க ஓடுகிறது. அது வீணாவது பொறுக்காமல் பஞ்சவர்ணம் இறங்கிப்போய்ச் சேற்றை அள்ளி வரப்பு கட்டுவாள். நானும் காலால் மண்ணை அணைத்துக் கொடுப்பேன். என்ன பயிர் நடப்போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுச் சீனத்தி நேற்றுக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றோம். அதற்குள் வரப்பு உடைந்துவிட்டது. இருவரும் குனிந்து மறுபடி கட்டினோம்.