நாய்க்குட்டிக்கு ஒரு வாய் கூழ்

எங்கள் பழைய நாய் கருவாட்டுச் சோறு தின்று செத்தது. காட்டுப்பன்றிக்கு என்று யாரோ பயிருக்குப் போடும் குருணை மருந்தைக் கலந்து வரப்பில் வைத்திருந்த சோறு அது. வாயில் நுரை தள்ள வாசல் வரை வந்து விழுந்தது. வைத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. தெரியாததால் ஊரில் எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன். என் சுபாவம் அப்படி. கோபம் உடனே வரும், யோசனை மறுநாள்தான் வரும்.

இரண்டு மாதம் கழித்து, மரவள்ளிக் குச்சி வாங்கக் கல்வராயன் மலைக்குப் போன என் வீட்டுக்காரர் ஒரு செவலை நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். கூடவே ஒரு துணி முடிச்சில் சாமை மாவு.

“இத்தத் தின்னுதான் வளந்துதாம். கொஞ்ச நாளைக்கு இத்தயே காச்சி ஊத்த சொன்னாங்க.”

“யார் யார் கையி பட்டுதோ, எனக்கு வாணாம்” என்று முடிச்சைக் குப்பையில் கொட்டினேன். இந்தக் குட்டிக்கு என் கையால் வைப்பதைத் தவிர வேறு எதுவும் கிடையாது என்று சட்டம் போட்டேன். என் எருமை, நான் கறந்து நான் காய்ச்சிய பால். அதைவிட நம்பிக்கையான ஆகாரம் உலகத்தில் எது இருக்கிறது?

முதல் வாரம் ஒரு சின்னக் கிண்ணம்தான் ஊற்றினேன். அப்போதுதான் எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. தியாகதுருகத்துக்குப் போகும் வழியெல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு மரத்தில் என் வீட்டுக்காரரின் கோடாலியும் பட்டது. பஸ் இல்லை. சொசைட்டி பால் வண்டியும் இல்லை. எருமைக்கு மறியல் தெரியுமா, அது பாட்டுக்குக் கறந்தது. வீடு முழுக்கப் பால். தயிராக்கினேன், கோவா கிண்டினேன், மிச்சத்தைக் குட்டிக்கு ஊற்றினேன். மூன்று வேளையும் கிண்ணம் தளும்ப.

எங்கள் தொழுவத்தில் சாணி அள்ள ஒருத்தி வருவாள். காலனிப் பெண், என் வயதுதான். அந்த வாரம் ஊரும் காலனியும் இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்தன. அவளை வேலைக்குப் போகாதே என்று அங்கே சொன்னார்கள், கூப்பிடாதே என்று என்னிடம் இங்கே சொன்னார்கள். மாடு பட்டினி கிடக்கும் என்று அவள் வந்தாள். குட்டியின் கிண்ணத்தைப் பார்த்து, “பாலு ஜாஸ்திம்மா. மலக் குட்டிக்கு வயிறு தாங்காது” என்றாள். உன் வேலையைப் பார் என்றேன்.

மறியலின் மூன்றாம் நாள் காலை தொழுவத்துக்குள் நுழைந்தபோது குட்டி அவள் மடியில் இருந்தது. தன் தூக்குச்சட்டியிலிருந்து கேழ்வரகுக் கூழைத் தொட்டு அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அது சப்புக்கொட்டி நக்கியது. அன்று விடியலில் என் பாலைத் தொடாமல் முகத்தைத் திருப்பிய குட்டி! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அது தண்ணீராகப் போக ஆரம்பித்தது. நிற்கவில்லை. கால் மடங்கிப் படுத்துவிட்டது, கண் உள்ளே போய்விட்டது. எனக்குக் கருவாட்டுச் சோறு கண்முன் வந்தது. வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினேன்.

“அடிப்பாவி, மருந்து வெச்சிட்டியா? கூழுல இன்னாடி கலந்த?”

சாணிக் கூடையோடு நின்றவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காலனிப் பக்கம் நடந்தாள்.

நான் நாயைப் பற்றித்தான் கத்தினேன். ஊர் வேறு மாதிரி கேட்டது. மரம் வெட்டிவிட்டு வந்த ஆட்கள் ஐந்து நிமிஷத்தில் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கையில் கோடாலி, அரிவாள் அப்படியே இருந்தது. “இன்னிக்கி நாய்க்கு, நாளைக்கி நம்ப கெணத்துக்கு” என்றார் ஒருத்தர். பக்கத்து ஊர்களில் காலனிக் கூரைகள் எரிந்ததாகச் செய்தி வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. என் வீட்டுக்காரர் மட்டும் கையை நீட்டித் தடுத்தார்.

“மாட்டு டாக்டரு பாத்துச் சொல்லட்டும். மருந்துதான்னு சொன்னாருன்னா அப்புறம் போலாம்.”

குட்டியைக் காட்ட நானே போவதாகச் சொன்னேன். நான் திரும்பி வந்து சொல்லும் ஒரு சொல்லுக்காக அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள்.

குட்டியை முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தேன். வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி, முந்தானை கிளையில் கிழிய. குட்டி முனகும்போது உயிர் இருக்கிறதே என்று நிம்மதி, முனகாதபோது குனிந்து மூக்கில் காற்று வருகிறதா என்று பார்ப்பேன். குட்டி சாகக்கூடாது என்று வேண்டினேனா, மருந்தாக இருக்கக்கூடாது என்று வேண்டினேனா, இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் ஆஸ்பத்திரிக் கட்டடத்திலேயே தங்கியிருந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், உதட்டை விலக்கி ஈறுகளைப் பார்த்தார்.

“இன்னா குடுக்கிறீங்க?”

“பாலுங்க.”

“எருமைப் பாலா? எவ்ளோ?”

கையால் கிண்ணத்தின் அளவைக் காட்டினேன். மூன்று வேளை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மருந்தா இருந்தா இந்நேரம் போயிருக்கும். கெட்டிப் பாலு, இதுக்கு செரிக்கல. உங்க கையாலதான் ஆயிருக்குது. பால நிறுத்துங்க. உப்பு சக்கர கலந்த தண்ணி அடிக்கடி குடுங்க. எனக்கும் மருந்து வரல, பஸ் இல்லியே. தானா எதனா வாய் வெச்சித் தின்னுச்சா?”

“கூழு தின்னுச்சி.”

“அப்ப அத்தயே தண்ணியா கரைச்சிக் குடுங்க.”

திரும்பி வரும்போது ஆட்கள் ஊர் எல்லையில், வெட்டிய மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள். வயிற்றுப்போக்கு என்று மட்டும் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்தக் கோடாலிகளைப் பார்த்ததும் அந்த யோசனை போய்விட்டது.

“மருந்து கெடயாது. நான் ஊத்துன பாலுதான். அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

யாரோ சிரித்தார்கள். “நாய்க்கு எருமப் பாலா?” என்று கேலி செய்துகொண்டே கலைந்தார்கள். அவ்வளவுதான், ஒரு கூட்டம் அப்படிக் கூடி அப்படிக் கலைந்துவிடுகிறது. அவளிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நான் முறத்தோடு காலனிக்குப் போனேன். கல்யாணமாகி வந்து ஆறு வருஷத்தில் அந்தத் தெருவில் கால் வைத்தது அன்றுதான். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. குரல் கொடுத்ததும் அவள் வரவில்லை, அவள் புருஷன்தான் முதலில் வந்து பின்னால் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தான். பிறகு அவள் வந்தாள்.

“பாலுதான் ஒத்துக்கலயாம். கூழு இருக்குதா?” என்றேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது இதுதான்.

அவள் உள்ளே போய்க் கூழைத் தண்ணீராகக் கரைத்துக்கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்து குட்டியை மடியில் போட்டாள். விரலில் தொட்ட கூழை அதன் வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். அதைத் தன் வாயில் வைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அதற்குப் பிறகுதான் குட்டிக்குக் கொடுத்தாள்.

குட்டி பிழைத்தது. பதினோரு வருஷம் எங்கள் வீட்டைக் காத்தது. அவளும் மறுவாரமே சாணிக் கூடையை எடுத்தாள், அவளுக்கு வேறு வழி இல்லை. ஆனால் அந்தப் பதினோரு வருஷமும் நாய்க்கு எது கொடுத்தாலும், கூழோ சோறோ ஒரு துண்டு கருவாடோ, நான் பக்கத்தில் இருந்தால் முதல் வாய் அவள் தின்பாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை.

எனக்கும் ஒரு வாய் குடு என்று கையை நீட்டியிருந்தால் அன்றே அது நின்றிருக்கும். அவள் வீட்டுக் கூழை நான் தின்பதா என்ற நினைப்பு எனக்கு இருந்தது. நாய் செத்துப் புதைத்த அன்றும் அவள் கூழ்த் தூக்குச்சட்டி தொழுவத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றும் நான் கேட்கவில்லை.