திரும்பிய நேரம்

குருநகரில் கடலுக்குப் போகும் மீன்பிடி வள்ளங்களைக் கணினியில் பதியும் அந்தப் பெண்ணின் செருப்பில் எப்போதும் ஈரமணல் ஒட்டியிருக்கும். வள்ளத்தைக் கரையில் கண்ணால் கண்டபின்தான் திரும்பிய நேரத்தைப் பதிவார்; அதுவரை அந்தக் கட்டம் வெறுமைதான்.

புயல் எச்சரிக்கை வந்த மாலை, அந்த மென்பொருளை எழுதிய நானே பதற்றத்தில் திரும்பியவற்றை எண்ண எஸ்.கியூ.எல். என்ற தரவுமொழியில் 'கவுண்ட் ஸ்டார்' என்ற கட்டளையை அடித்தேன்.

"போன அறுபத்திரண்டும் வந்திட்டுது, தங்கச்சி!"

"இல்லை அண்ணை, உது வந்தது வராதது எல்லா வள்ளத்தின்ரை வரியையும் எண்ணும். திரும்பின நேரத்தை மட்டும் எண்ணுங்கோ, வெறுங்கட்டத்தை விட்டிடும்."

அப்படியே மாற்றி எண்ணினேன். அறுபத்தொன்று!

உடனே தேடப் படகு பறந்தது. இருட்டுவதற்குள், இயந்திரம் நின்றுபோயிருந்த அந்த வள்ளத்தை இழுத்து வந்தார்கள். கரை முழுக்க ஒரே ஆரவாரம். அந்தப் பெண் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து நேரத்தைப் பதிந்தார்.

"இப்ப எண்ணுங்கோ, அண்ணை."

அதே அறுபத்திரண்டுதான். இந்த முறை கரையை ஒருதரம் பார்த்துவிட்டே வாசித்தேன்.